பைக்குள் ரிவால்வர், பக்கத்திலேயே லைசென்ஸ்

எஸ்.ஐ. பயிற்சி முடித்துத் தமிழ்நாட்டுச் சாலைகளில் நிற்கப் போகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி, பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கும் என் தோழி கேட்டாள். நான் வேலை பார்த்தது முழுக்க ஹைதராபாத்தில். தாத்தா அரக்கோணத்திலிருந்து லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். அதோடு நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம். பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்தை அம்மா வீட்டில் உட்காரவைத்துச் சொல்லித் தந்தாள். அதனால் என் தமிழில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயுதச் சட்டம் மத்திய அரசின் சட்டம். லாலாகுடாவிலும் அரக்கோணத்திலும் அது ஒன்றுதான்.

சட்டப் பிரிவுகள் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். பஞ்சநாமா, அதாவது உங்கள் ஊர் மகஜர், எழுதுவது எப்படி, ஆயுதத்தை எப்படிச் சீல் வைப்பது என்பதெல்லாம் என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றி. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவரைச் சாலையில் நிறுத்தும்போது, அவருடைய உரிமையும் நம்முடைய பயமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அங்கே என்ன ஆகும் என்பதை எந்த வகுப்பிலும் நான் படித்ததில்லை.

மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஐ.டி. கம்பெனி வருகிறது என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், ஆடு மேய்ந்த பாறைக்காட்டுக்குக்கூட விலை வந்துவிடும். போலிப் பத்திரத்தோடு ஆட்கள் வந்து இரவோடிரவாகச் சுற்றுச்சுவர் எழுப்புவார்கள். நிலம் வைத்திருந்த சாதாரண மனிதர்கள் பலர் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தார்கள். சிலருக்குக் கிடைத்தது. அதே வருடங்களில், வண்டிச் சோதனையில் நின்ற காவலர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களால் சுடப்பட்ட செய்திகளும் வந்துகொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் அப்போது எஸ்.ஐ. ஒரு கல்லூரி வாசலில் பந்தோபஸ்து முடித்து ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தேன். வயர்லெஸ் செட்டில் அழைப்பு வந்தது. வாகனச் சோதனையில் ஆயுதத்தோடு ஒரு பெண். பக்கத்தில் பெண் அதிகாரி யாராவது இருந்தால் உடனே போக வேண்டும். இடம், குஷாய்குடாவிலிருந்து நகரத்துக்குள் வரும் சாலை. என் நிலைய எல்லை அல்ல, ஆனால் நான்தான் பக்கத்தில் இருந்தேன். போனேன்.

தடுப்புகளுக்கு அருகே சிவப்பு மாருதி ஒன்று ஓரங்கட்டி நின்றது. அதன் முன்னால் ஒரு கான்ஸ்டபிள் ரைஃபிளைத் தோளில் வைத்து, கார்க் கண்ணாடியைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பக்கக் கதவருகே அந்தப் பகுதி எஸ்.ஐ. நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட சர்வீஸில் மூத்தவர். காருக்குள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பருத்திப் புடவை, நரைத்த கொண்டை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்திருந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு தோல்பை, ஜிப் பாதி திறந்து கிடந்தது. டீக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் வந்து கூடிவிட்டார்கள்.

எஸ்.ஐ. என்னிடம் வந்தார். இனி வரும் பேச்சு பெரும்பாலும் தெலுங்கில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

"பைக்குள்ள கன் இருக்கு மேடம். குடுன்னா குடுக்க மாட்டேங்குது. டியூட்டிக்கு இடைஞ்சல்னு கேஸ் போட வேண்டியதுதான்."

அதற்குள் அந்தப் பெண்மணி என் சட்டையில் இருந்த பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டார். கற்பகவல்லி என்ற பெயர் அவருக்குப் போதுமானதாக இருந்தது. தமிழில் பேசினார்.

"நீங்க தமிழா மேடம்? லைசென்ஸ் காட்ட மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. இவரு எடுங்கறாரு. அவரு கையை அசைச்சா சுட்டுடுவேங்கறாரு. நான் யாரு சொல்றதைக் கேக்கறது?"

  பேசும்போதும் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்தபடியே இருந்தார்.

நான் தெலுங்கிலேயே பதில் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் தமிழில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் சுற்றி நின்ற காவலர்களுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டோம் என்று அவர்களுக்குப் புரியாமல் போயிருக்கும். அதன்பிறகு நான் எடுக்கும் எந்த முடிவும் என் மொழிக்காரருக்குச் செய்த உதவி என்றுதான் ஆகும். அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே விஷயம், அங்கே நடப்பது எல்லோருக்கும் புரிவதுதான்.

நான் வருவதற்கு முன் நடந்தது இது. சோதனையில் காரை நிறுத்திய கான்ஸ்டபிள் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டிருக்கிறார். அது பைக்குள் இருந்தது. அந்தப் பெண்மணி பையைத் திறந்து கையை உள்ளே விட்டுக்கொண்டே, நேர்மையாக, "உள்ள கன் இருக்கு, லைசென்ஸும் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். சொன்னது இரண்டு விஷயம். கான்ஸ்டபிள் காதில் விழுந்தது முதல் விஷயம் மட்டும். கையோ ஏற்கெனவே பைக்குள். அவர் பின்னால் துள்ளி ரைஃபிளைத் தூக்கிவிட்டார். பெண்மணி மெதுவாகக் கையை வெளியே எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த எஸ்.ஐ., லைசென்ஸை எடு என்றார். கான்ஸ்டபிள், அசையாதே என்றார். பையை இப்படிக் கொடு என்றார் எஸ்.ஐ. "இந்த ரைஃபிள் முன்னாடி நான் பையைத் தொட மாட்டேன். பெண் போலீஸ் வரட்டும், அவங்க எடுக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். அதைத்தான் எஸ்.ஐ. இடைஞ்சல் என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பெண்ணின் உடலைச் சோதிப்பதானால் பெண்தான் செய்ய வேண்டும், அதுவும் கண்ணியமாக. சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. பையைச் சோதிக்கவும் பெண்தான் வேண்டுமா என்றால் வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடுவார்கள். ஆனால் சாலையில் நிற்கும் உங்களுக்கு அந்த வாதம் எதற்கு? ஒருவர் கை இரண்டும் தெரிய உட்கார்ந்துகொண்டு, பெண் அதிகாரி வரும்வரை காத்திருக்கிறேன் என்கிறார். காத்திருப்பதால் உங்களுக்கு என்ன நஷ்டம்? அவர் ஓடவில்லை. மறைக்கவும் இல்லை. ஆயுதம் இருப்பதைத் தானாகவே சொன்னவர்.

முதலில் அந்த ரைஃபிள் இறங்க வேண்டும். கான்ஸ்டபிள் அருகே போனேன். அவர் பெயர்ப்பட்டையில் யாதகிரி என்று இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். விரல் ட்ரிகர் மேலேயே இருந்தது.

"யாதகிரி, குழலைத் தரைப்பக்கம் இறக்குப்பா."

"இறக்கினா அது எடுத்துடும் மேடம்."

"அவங்க கை ரெண்டும் உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"எனக்கும் தெரியுது. கை தெரியற வரைக்கும் உன் விரல் வெளியில இருக்கட்டும். கை மறைஞ்சா நான் சொல்றேன்."

விரல் வெளியே வந்தது. நான் குழல்மேல் கை வைத்து மெல்லக் கீழே இறக்கினேன். அவர் தடுக்கவில்லை. ஜீப்புக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். அவரைத் திட்டவில்லை. நடுங்கும் மனிதரைக் கூட்டத்துக்கு முன்னால் திட்டினால் அவர் இன்னும் நடுங்குவார், அவ்வளவுதான் மிச்சம்.

பிறகு எஸ்.ஐ.யிடம், "இனிமே நான் மட்டும் பேசறேன் சார்" என்றேன்.

"நான் சீனியர் மேடம்."

"ஹவ் சார், ஆமா. நீங்கதான் சீனியர். பெண் அதிகாரி வேணும்னு கூப்பிட்டதும் நீங்கதான். பையைப் பார்த்து முடிக்கற வரைக்கும் ஒரே குரல் இருக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

அவர் ஒதுங்கினார். மனசில்லாமல்தான்.

துப்பாக்கியோடு ஒருவரை நிறுத்தும்போது உத்தரவு ஒரு வாயிலிருந்துதான் வர வேண்டும். அசையாதே என்பதும் எடுத்துக் காட்டு என்பதும் சேர்ந்து வந்தால், அந்த ஆள் எதைச் செய்தாலும் இன்னொன்றை மீறியவர் ஆகிறார். அந்தப் பெண்மணி இரண்டில் உயிருக்கு ஆபத்தில்லாததைத் தேர்ந்தெடுத்தார். அதை நாம் குற்றம் என்று எழுதப் பார்த்தோம்.

நான் கார் ஜன்னலுக்கு வந்தேன். கேள்விகளை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"பேர் சொல்லுங்க."

"ஃபிலோமினா." (உண்மைப் பெயர் இதுவல்ல.)

"ஆயுதம் எங்கே இருக்கு?"

"பைக்குள்ள, உறையில. ரிவால்வர்."

"லைசென்ஸ்?"

"அதே பையில, அதுக்கு அடியில."

"லோட் பண்ணியிருக்கா?"

"ஆமா."

"பையை அங்கேயே விட்டுட்டு இறங்குங்க. கதவை நான் திறக்கறேன். கை எனக்குத் தெரியட்டும்."

இறங்கினார். கூட்டத்தில் நின்ற ஒரு பள்ளி ஆசிரியரையும் மருந்துக்கடைக்காரரையும் சாட்சியாக அருகே அழைத்தேன். அவர்கள் கண்முன்னால், ஃபிலோமினாவின் கண்முன்னாலும், பையை எடுத்துக் கார் பானெட்மேல் வைத்தேன். ரிவால்வரை உறையிலிருந்து எடுத்து, தோட்டாக்களை இறக்கி, தனியே வைத்தேன். அதன்பிறகுதான் லைசென்ஸைத் திறந்தேன்.

புகைப்படம் அவருடையதுதான். ரிவால்வரில் பொறித்திருந்த எண் லைசென்ஸில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனது. கெடு முடியவில்லை. மாநிலம் முழுக்கச் செல்லும். தோட்டாக்களும் அனுமதித்த அளவுக்குள் இருந்தன. எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன்.

உங்களுக்கு அந்தப் பிரிவு தெரியும். ஆயுதம் கொண்டுபோகிறவரிடம் லைசென்ஸைக் காட்டு என்று கேட்க நமக்கு அதிகாரம் உண்டு. காட்டாவிட்டால் பெயரும் முகவரியும் கேட்கலாம். தேவை என்று பட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தால், பொய்ப் பெயர் என்றோ ஓடிவிடுவார் என்றோ சந்தேகம் வந்தால், அப்போது வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். படிப்படியாக ஏற வேண்டியது அது. ஃபிலோமினா விஷயத்தில் நாங்கள் கடைசிப் படியில் நின்றுகொண்டு முதல் படியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

எஸ்.ஐ.க்கு இன்னொரு பிரிவும் நினைவில் இருந்தது. அவர் விவரம் தெரிந்த அதிகாரிதான். "லைசென்ஸ் இருந்தா என்ன மேடம்? எங்க போறேன்னு கேளுங்க. கோர்ட்டுக்குப் போறேன்னு சொல்லுச்சு. கோர்ட்டுக்குக் கன் எதுக்கு? சந்தேகப்படற மாதிரி ஆயுதம் கொண்டுபோனா, லைசென்ஸ் இருந்தாலும் பிடிக்கலாம்."

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் ஃபிலோமினாவைப் பார்த்தேன்.

அவர் சொன்னார். பெரிய பொதுத்துறை எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் இஞ்சினியர். சொந்த ஊர் திருச்சி. வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஆலை ஊழியர்கள் சேர்ந்து வீட்டுமனைக்காக நிலம் வாங்கிய சங்கத்துக்கு அவர் செயலாளர். அந்த நிலத்தைப் போலிப் பத்திரத்தால் வளைத்தவர்கள்மேல் வழக்கு நடக்கிறது. முக்கிய சாட்சி அவர். வீட்டில் கல் விழுந்தது, கார் பின்தொடர்ந்தது எல்லாம் நடந்தபிறகு கமிஷனர் அலுவலகம் விசாரித்து லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. இன்று அவர் சாட்சி சொல்ல வேண்டிய நாள்.

"கோர்ட்டுக்குள்ள எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் மேடம். வீட்டுல வெச்சுட்டு வந்தா, ஆளில்லாத வீட்டுல யாராவது எடுத்துட்டா அதுக்கும் நான்தான் பொறுப்பு. வக்கீல்கிட்டக் குடுத்து வெக்கவும் கூடாது. போற வழியில துப்பாக்கிக் கடையில டெபாசிட் பண்ணிட்டுப் போறதா இருந்தேன். நேத்தே போன் பண்ணிச் சொல்லியிருக்கேன்."

லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் அப்படி ஒப்படைத்து வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கடையின் பெயரைக் கேட்டேன். ஜீப் டிரைவரை விட்டுத் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து நானே பேசினேன். கடைக்காரர், ஆமாம், நேற்று மாலை பேசினார்கள், காலையில் வருவதாகச் சொன்னார்கள் என்றார். அத்தோடு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. குறைந்தபட்சம், என்னளவில்.

அப்போது எஸ்.ஐ.யின் மொபைல் அடித்தது. அவர் நாலடி தள்ளிப் போய்ப் பேசினார். ஆனால் பதற்றத்தில் குரலைத் தாழ்த்த மறந்துவிட்டார்.

"ஆமா சார். நிறுத்தியாச்சு சார். ஆமா, சிகப்பு மாருதி... அந்தம்மாதான் சார்."

அந்தம்மாதான். அவர் பெயரை இதுவரை யாரும் செட்டில் சொல்லவில்லை. பெயரைக் கேட்டதே நான்தான், சற்று முன்பு. மறுமுனையில் இருந்தவருக்கு எந்தக் காரில் யார் வருகிறார் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

 எஸ்.ஐ. போனை என்னிடம் நீட்டினார். எங்கள் இருவருக்கும் மேலே இருந்த ஓர் அதிகாரி. யார், எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம்.

"என்னம்மா அங்க இழுத்துக்கிட்டிருக்க? போலீஸை மிரட்டியிருக்கு அந்தப் பொம்பள. வெப்பனை சீஸ் பண்ணு, ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. கேஸ் சாயங்காலம் எழுதிக்கலாம்."

சாயங்காலம் என்றால் கோர்ட் முடிந்துவிடும். சாட்சி வரவில்லை என்று பதிவாகும். ஆயுத வழக்கு ஒன்று மேலே விழுந்தால் லைசென்ஸ் போகும். அடுத்த முறை அவர் கூண்டில் ஏறும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அதிலிருந்துதான் கேள்வியைத் தொடங்குவார்.

நான் சண்டை போட்டிருக்கலாம். உங்களுக்கு எப்படி சார் அவங்களைத் தெரியும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன கிடைத்திருக்கும்? அவர் மறுப்பார், நான் கீழ்ப்படியாதவள் ஆவேன், அந்த இடத்திலிருந்து என்னை விலகச் சொல்வார். விலகியபின் ஃபிலோமினாவுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த நேரத்தில் என் முதல் இன்ஸ்பெக்டர் நினைவுக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். வாய்வழியாகக் கோணலான உத்தரவு வந்தால் அவர் மறுக்கவே மாட்டார். மரியாதையாக ஒன்று மட்டும் கேட்பார். நானும் அதையே கேட்டேன்.

"சரி சார். இதையே செட்ல ஒரு தடவை சொல்லிடுங்க சார். கண்ட்ரோல்ல பதிவாயிடும். அதன்படி செய்யறேன். லைசென்ஸ் சரியா இருக்கு, நம்பர் ஒத்துப்போகுது, கடைக்காரர்கிட்ட விசாரிச்சாச்சு, ரெண்டு சாட்சி முன்னாடி சோதனை பண்ணியிருக்கேன்னு நானும் செட்ல சொல்லிடறேன் சார்."

 

"உன் பேர் என்ன?"

சொன்னேன். போன் வைக்கப்பட்டது. செட்டில் யாரும் அழைக்கவில்லை. நான் அழைத்தேன். லைசென்ஸ் சரிபார்க்கப்பட்டது, ஆயுதம் உரியவரிடம் திருப்பித் தரப்படுகிறது என்று கண்ட்ரோலுக்குச் சொன்னேன்.

எஸ்.ஐ. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தணிந்த குரலில், "எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். டிரான்ஸ்ஃபர் போட்டா அதுங்க படிப்பு கெட்டுடும்" என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. சிவப்பு மாருதியை நிறுத்து என்று சொன்னார்கள், நிறுத்தினார். ரைஃபிள் தூக்கப்படும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. பெண் அதிகாரி வேண்டும் என்று செட்டில் கூப்பிட்டவரும் அவர்தானே. கூப்பிடாமல் இருந்திருக்கலாம்.

ரிவால்வரையும் தோட்டாக்களையும் தனித்தனியாக ஃபிலோமினாவிடம் கொடுத்தேன். லைசென்ஸை அவர் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"லைசென்ஸையும் ஓட்டுநர் உரிமத்தையும் இனிமே டாஷ்போர்டுல வைங்க. கன் இருக்கற பையில வேண்டாம். யாராவது நிறுத்தினா முதல்ல கையை ஸ்டியரிங் மேல வைங்க. அப்புறம், என்கிட்ட ஆயுத லைசென்ஸ் இருக்குன்னு ஆரம்பிங்க. கன்-னு ஆரம்பிக்காதீங்க. கைப்பற்றறேன்னு யாராவது எடுத்தா, எழுதி ரசீது வாங்காம விடாதீங்க. அது உங்க உரிமை."

அவர் தலையாட்டினார். காரில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட முடியவில்லை.  நானே ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் சாட்சியைப் போலீஸ் கூட்டிவந்தது என்று பேச்சு வரும். அதனால் டீக்கடையிலிருந்து ஒரு டீ வாங்கிவரச் சொன்னேன். சர்க்கரை தூக்கலாக. ஆறியபிறகு குடித்தார். நானும் யாதகிரியும் எஸ்.ஐ.யும் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தபோது கார் கிளம்பிவிட்டிருந்தது.

அடுத்த மாதத்துக்குள் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஆயுதப்படை மைதானத்தில், சீருடைத் துணியும் பூட்ஸும் விநியோகிக்கும் பிரிவு. காரணம் எதுவும் எழுதவில்லை. நிர்வாகக் காரணம் என்று இருந்தது. வீட்டில் என் கணவர், "இந்த ஹீரோயின் வேலை நக்கோ, வேண்டாம்னு சொன்னா கேக்கறியா?" என்று ஒருநாள் முழுக்க முணுமுணுத்தார். இரண்டு வருடம் பூட்ஸ் அளவுகளோடு குடித்தனம் நடத்தினேன். நியாயமாக நடந்துகொண்டால் பாராட்டு வரும் என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன். எனக்கு வரவில்லை. கோபம் இருந்தது, பல நாள் தூங்காமலும் இருந்தேன்.

ஃபிலோமினா அன்று சாட்சி சொல்லிவிட்டார். குறுக்கு விசாரணை நாலைந்து வாய்தாவுக்கு இழுத்தது. அதில் எதிர்த்தரப்பு வக்கீல், அன்று காலை நீங்கள் துப்பாக்கியோடு போலீசில் சிக்கினீர்களா இல்லையா என்று கேட்டிருக்கிறார். நிறுத்தினார்கள், லைசென்ஸ் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். வக்கீல் விடவில்லை. சம்பந்தப்பட்ட போலீசாரை அழைத்து விசாரிக்க வேண்டும் என்று மனுப் போட்டார். போலீஸ்காரர்கள் போலீசை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நம்பியிருப்பார். எனக்கும் யாதகிரிக்கும் சம்மன் வந்தது.

என் முறை சீக்கிரம் முடிந்தது. அவரிடம் துப்பாக்கி இருந்ததா என்றார். இருந்தது என்றேன். கைது செய்தீர்களா? இல்லை. ஏன்? குற்றம் எதுவும் நடக்கவில்லை என்றேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவர் எதிர்பார்த்திருந்தது யாதகிரியை.

கோர்ட் வராந்தாவில் காத்திருந்தபோது யாதகிரி என்னிடம் வந்தார். முதல்நாள் யாரோ அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். துப்பாக்கியைக் காட்டி மிரட்டியதாகச் சொன்னால் போதும், உன்மேல் எந்தத் தப்பும் வராது என்றார்களாம்.

"என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"நான் பயந்துட்டேன்னு கோர்ட்ல சொல்லலாமா மேடம்? யூனிஃபார்ம் போட்டுட்டு?"

"நடந்தது அதுதானா?"

"ஹவ் மேடம்."

"அப்ப நான் சொல்றதுக்கு என்னப்பா இருக்கு?"

கூண்டில் ஏறினார். வக்கீல் நேராக விஷயத்துக்கு வந்தார். "அந்தப் பெண்மணி துப்பாக்கியைக் காட்டி உங்களை மிரட்டினார். தற்காப்புக்காக நீங்கள் ரைஃபிளை எடுத்தீர்கள். சரிதானே?"

"இல்ல சார்" என்றார் யாதகிரி. "அவங்க கன்னை வெளியவே எடுக்கல. கன்-னு கேட்டதும் நான் பயந்துட்டேன். ரைஃபிளைத் தூக்கினது நான்தான். அவங்க கையை வெளிய எடுத்து ஸ்டியரிங் மேல வெச்சாங்க."

நீதிபதி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அவர் கையை வெளியே எடுக்காமல் இருந்திருந்தால்?"



"சுட்டிருப்பேன் சார்."

 வக்கீல் மேற்கொண்டு கேட்கவில்லை. வழக்கு அதன்பிறகும் நெடுநாள் நடந்து சங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. ஃபிலோமினா ஓய்வு பெற்றுத் திருச்சிக்குக் கிளம்பும் முன் ரிவால்வரை விற்றுவிட்டு லைசென்ஸை ஒப்படைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். யாதகிரிக்கு எந்த நடவடிக்கையும் வரவில்லை. பயந்ததற்கு என்ன பிரிவில் நடவடிக்கை எடுப்பது?

அன்று கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது ஃபிலோமினா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாதகிரி அவரைத் தாண்டிப் போக முடியாமல் நின்றார். எங்கள் மூவருக்கும் பொதுவான மொழி தெலுங்கு. ஃபிலோமினா தன் திருச்சி நாக்கில் அதைப் பேசினார்.

"நிஜமாவே சுட்டிருப்பியாப்பா?"

"ஆமாம்மா."

அவர் வெகுநேரம் யாதகிரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"உக்காரு. நீ என் முகத்தைப் பார்க்கவே இல்ல அன்னிக்கு. பையை மட்டும்தான் பார்த்துட்டிருந்த."

யாதகிரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.